கயிறும் காலநிலையும்: திறந்தவெளிக்கு ஏற்ற கயிறுகள் பற்றிய ஓர் ஒப்பீடு

தில்லியில் பகதூர் ஷா ஜாஃபர் மார்க் என்னும் சாலையை அடுத்து ஃபிரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகள் உள்ளன. அவற்றின் நடுவே, படிப்படியாகக் குறுகி எழும் ஒரு கட்டடத்தின் உச்சியில் அசோகரின் கல்தூண் ஒன்று நிற்கிறது. ஒரே கல்லால் ஆன இத்தூணின் நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். நிறை 25 டன்னுக்கும் மேல். 1351 முதல் 1388 வரை ஆட்சி புரிந்த ஃபிரோஸ் ஷா துக்ளக், இன்றைய ஹரியானாவைச் சேர்ந்த தோப்ரா என்னும் ஊரிலிருந்து இதனைப் பெயர்த்துக் கொணர்ந்தார். இந்நிகழ்ச்சியை எழுதிவைத்த ஷம்ஸ் சிராஜ் அஃபிஃப் அக்காலத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவர். நாற்பத்திரண்டு சக்கரங்கள் கொண்ட வண்டி ஒன்று செய்யப்பட்டதென்றும், ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வடம் பூட்டி, வடம் ஒன்றை 200 ஆட்கள் இழுத்தனர் என்றும் அவர் கூறுகிறார். பின்னர் யமுனை வழியே படகுகளில் தில்லி வந்த தூண், உருளைகளிற் சுற்றிய தடித்த வடங்களால் சிறிது சிறிதாகத் தூக்கப்பட்டது. அரை கஜம் உயர்ந்ததும் அடியில் மரக்கட்டைகளும் பஞ்சு மூட்டைகளும் வைக்கப்பட்டன. அதன் பிறகே அடுத்த இழுப்பு. இவ்வாறு பல நாட்கள் வேலை நடந்தது.

அக்காலப் பொறியாளரிடம் கயிற்றின் வலிமையைக் குறிக்கும் எண் ஏதும் இல்லை. ஆயினும் அவர்கள் சுமையைப் பல வடங்களுக்குப் பகிர்ந்தளித்தனர். வடம் அறுந்தால் தூண் விழாதபடி கீழே அணை கொடுத்தனர். கயிற்றை நம்பி வேலை செய்வோர் இன்றும் இவ்விரண்டையும் விட்டுவிட இயலாது.

இதே சாலையில், கோட்லாவிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், மானக் பவன் இருக்கிறது. 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணயக் கழகம் 1987-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாற்றப்பட்டது. அதன் தலைமையகம் இதுவே. மணிலாக் கயிற்றுக்கு ஐ.எஸ். 1084, பாலிப்ரொப்பிலீன் கயிற்றுக்கு ஐ.எஸ். 5175 என்று ஒவ்வொரு வகைக்கும் தனித்தனித் தர விவரங்கள் இங்கிருந்து வெளியிடப்படுகின்றன. ஒரு கயிறு எத்தனை கிலோகிராம் இழுப்பில் அறும் என்பதை இன்று எவரும் அட்டவணையைப் பார்த்து அறியலாம். ஆயினும் கிணற்றடியிலும் கூடாரத்திலும் கட்டட வேலையிலும் கயிறுகள் அறுந்துகொண்டேதான் இருக்கின்றன. அட்டவணை கூறுவது புதிய கயிற்றின் வலிமையை. நாம் பயன்படுத்துவதோ வெயிலிற் காய்ந்து, மழையில் நனைந்து, மணலில் உரசிய கயிற்றை. ஆகையால் ஒரு கயிற்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வலிமையைக் கேட்பதற்கு முன், அது எந்தப் பகையைச் சந்திக்கப் போகிறது என்று கேட்க வேண்டும். இக்கட்டுரை கயிறுகளை அந்த முறையிலேயே ஒப்பிடுகிறது.

நார் கயிறாகும் விதம்

பருத்தி இழையின் நீளம் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர். தென்னை நாரின் நீளம் ஒரு சாண் அளவு. மணிலா நார் ஓர் ஆள் உயரத்தையும் தாண்டும். இவற்றிலிருந்து நூறு மீட்டர்க் கயிறு எவ்வாறு உண்டாகிறது? ஒட்டும் பசை ஏதும் இல்லை. முறுக்கு ஒன்றே நார்களைப் பிணைக்கிறது. முறுக்கிய நாரை இழுக்கும்போது அவை ஒன்றையொன்று நெருக்குகின்றன. நெருக்கத்தால் உராய்வு மிகுகிறது. உராய்வு நார் நழுவாமற் காக்கிறது. இழுப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகும் என்பது இதன் நயம்.

நார்களை ஒரு திசையில் முறுக்கினால் நூல். பல நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் புரி. மூன்று புரிகளை மீண்டும் முதல் திசையில் முறுக்கினால் முப்புரிக் கயிறு. ஒரு முறுக்கு அவிழ முயலும்போது அதனையடுத்த முறுக்கு இறுகுகிறது. ஆதலால் கயிறு தானே பிரிந்துவிடுவதில்லை. ஆசிரியர்கள் ஒரு சணற் கயிற்றின் நுனியைப் பிரித்துக் காட்டினால் மாணவர்கள் இதனை ஒரு நிமிடத்தில் விளங்கிக்கொள்வர்.

முறுக்கிய கயிற்றுக்கு ஒரு குறையும் உண்டு. தனியே தொங்கும் சுமையை அது சுழற்றும். பின்னிய கயிற்றில் பாதி இழைகள் வலப்புறமும் பாதி இடப்புறமும் செல்வதால் சுழற்சி நீங்கும். மலையேறுவோரின் கயிற்றில் உள்ளே நேர் இழைகளாலான கருவும், அதன்மேல் பின்னிய உறையும் இருக்கும். சுமையின் பெரும்பகுதியைக் கரு தாங்குகிறது; உறை, பாறையில் உரசித் தேய்வதைத் தான் ஏற்றுக்கொள்கிறது.

நம் நாட்டு நார்கள்

தில்லி வட்டாரத்துக்கு உரிய கயிறு முஞ்சிக் கயிறு. யமுனைக் கரையிலும் வறண்ட மணற்பாங்கிலும் ஆளுயரத்துக்கு மேல் வளரும் சர்க்கண்டா என்னும் நாணற்புல்லின் பூத்தண்டைச் சூழ்ந்த மடலிலிருந்து இந்நார் எடுக்கப்படுகிறது. உபநயனத்தில் இடுப்பில் கட்டும் முஞ்சி இதுவே என்றால் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். வட இந்தியக் கிராமத்துக் கயிற்றுக் கட்டில்கள் தலைமுறை தலைமுறையாக முஞ்சிக் கயிற்றால் பின்னப்பட்டு வந்தன. முற்றத்தில் கிடந்து வெயிலையும் பனியையும் மழையையும் ஏற்கும் கட்டிலுக்கு, ஈரத்தால் எளிதிற் கெடாததும் சிறிது நெகிழ்ந்து கொடுப்பதுமான நார் தேவை. முஞ்சியில் இவ்விரு குணங்களும் அமைந்துள்ளன. கைக்கு முரடானது என்பதே அதன் குற்றம்.

தெற்கே அவ்விடத்தைத் தென்னை நார் பெற்றிருக்கிறது. உலகெங்கும் இந்நாரைக் குறிக்க வழங்கும் சொல், நமது ‘கயிறு’ என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது. கேரளத்தில் பச்சை மட்டைகளைக் காயலின் உவர்நீரில் ஆறு முதல் பத்து மாதம் வரை ஊறவைத்து நார் எடுப்பது பழைய முறை. மட்டையின் மற்றப் பகுதி யாவும் அழுகிப் போக, நார் மட்டும் கெடாமல் வெளிவருகிறது. நீரை எதிர்க்கும் அதன் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் 40 சதவிகிதத்துக்கு மேல் இருப்பதே காரணம். நுண்ணுயிர்கள் அதனை எளிதில் அரிக்க மாட்டா. ஆனால் தென்னங்கயிறு வலிமையில் குறைந்தது. சம பருமனுள்ள மணிலாக் கயிற்றின் வலிமையில் சுமார் நான்கில் ஒரு பங்கே இதற்கு உண்டு. நீளும் தன்மையோ மிகுதி. நார் அறுவதற்கு முன் ஏறக்குறைய 30 சதவிகிதம் நீளும். பந்தல் கட்டவும், வேலி கட்டவும், படகைக் கரையில் கட்டவும் இது சிறந்தது. ஆளைத் தாங்கும் வேலைக்கு இதனைக் கருதலாகாது.

சணல் வேறு, சணப்பு வேறு. கடைகளில் இரண்டையும் சணல் என்றே விற்பதால் களப்பணியாளர் ஏமாறுவது உண்டு. சணல் வங்கத்துப் பயிர். சாக்கு நெய்ய உதவுவது. மலிவானது, கட்டுவதற்கு எளிது. ஆனால் ஈரத்தில் சில வாரங்கள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து இற்றுவிடும். சணப்பு என்பது நம் உழவர்கள் பசுந்தாள் உரமாக விதைக்கும் அவரையினச் செடி. அதன் நார் ஈரத்தில் சணலைவிட நன்கு தாக்குப்பிடிப்பதால் முற்காலத்தில் மீன்வலைக்கும் கிணற்றுக் கயிற்றுக்கும் பயன்பட்டது.

பருத்திக் கயிறு மென்மையானது. நனைந்தால் அதன் வலிமை குறைவதற்கு மாறாகச் சிறிது கூடுகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஆயினும் நனைந்தபடியே சுருட்டி வைத்தால் அழுகும்.

மணிலா நார் பிலிப்பைன்ஸ் தீவுகளில் வளரும் அபாக்கா என்னும் வாழையினத்திலிருந்து கிடைக்கிறது. இயற்கை நார்களில் கடல் வேலைக்கு முதலிடம் இதற்கே. சைசல், கற்றாழை இனத்தைச் சேர்ந்தது. மணிலாவின் வலிமையில் ஐந்தில் நான்கு பங்கு என்று கொள்ளலாம்.

நார்க் கயிறுகள் யாவற்றுக்கும் பொதுவான ஒரு குணத்தைக் கூடாரங்களில் தங்குவோர் நன்கு அறிவர். மழை பெய்ததும் கயிறு விறைத்து, முளைகளைப் பிடுங்கும். வெயில் வந்ததும் தொய்ந்து போகும். நீரை உறிஞ்சிய நார் பக்கவாட்டில் பருக்கிறது. நீளவாட்டில் அதிகம் நீள்வதில்லை. பருத்த நார்களைச் சுற்றிவர நூலுக்கு மிகுதியான நீளம் தேவைப்படுகிறது. அந்நீளம் கயிற்றின் நெட்டளவிலிருந்து எடுக்கப்படுவதால் கயிறு குறுகுகிறது. தில்லியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அம்மாதங்களில் கூடாரக் கயிறுகளை மாலையில் சற்றுத் தளர்த்தி வைப்பது வழக்கமாக வேண்டும். மூங்கிற் சாரத்தைக் கட்டிய நார்க் கயிற்றிலோ இதற்கு மாறான அபாயம் இருக்கிறது. ஈரத்தில் இறுகிக் கட்டிய முடிச்சு, காய்ந்தபின் தளரும். மழைக்குப் பின் வெயில் அடித்த நாளில் சாரத்தின் கட்டுகளைச் சோதியாமல் எவரும் ஏறலாகாது.

செயற்கை இழைகள்

நைலான் 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பவரது ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. 1942-இல் ஜப்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு மணிலா நார் வருவது நின்றது. அந்தத் தட்டுப்பாடே நைலான் கயிற்றின் வளர்ச்சிக்கு விரைவூட்டியது. 1953-இல் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்டின் உச்சியை அடைந்தபோது தங்களைப் பிணைத்திருந்தது நைலான் கயிறே.

12 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய முப்புரிக் கயிறுகளை எடுத்துக்கொள்வோம். மணிலாக் கயிறு சுமார் 1,060 கிலோகிராம் இழுப்பில் அறும். பாலிஎத்திலீன் சுமார் 1,500. பாலிப்ரொப்பிலீன் சுமார் 2,000. பாலியெஸ்டர் சுமார் 2,250. நைலான் சுமார் 3,000. நூறு மீட்டர் மணிலாக் கயிற்றின் நிறை பத்தரைக் கிலோகிராம். பாலிப்ரொப்பிலீன் ஆறரைக் கிலோகிராம்தான். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் நார்க் கயிற்றைத் தூக்கி எறிந்துவிடத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது.

கடைவீதிகளில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கும் மலிவான கயிறுகளிற் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். நீர் இவற்றை ஒன்றும் செய்யாது, பூஞ்சணம் பிடிக்காது, நீரில் மிதக்கும். இவற்றின் பகை சூரியன். ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இழையின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை வெட்டுகின்றன. பாதுகாப்புப் பொருள் சேர்க்கப்படாத பாலிப்ரொப்பிலீன், மே, ஜூன் மாதங்களில் 45 பாகை வரை உஷ்ணம் ஏறும் தில்லியின் மாடியில் சில மாதங்களிலேயே நொறுங்கத் தொடங்கும். விரலால் தேய்த்தால் வெண்பொடி உதிரும். அந்தக் கயிறு பார்வைக்குக் கயிறாகவே இருக்கும், வேலைக்கு உதவாது. கதிர்கள் மேற்பரப்பையே தாக்குவதால் மெல்லிய கயிறு விரைவிலும் தடித்த கயிறு மெதுவாகவும் கெடுகின்றன. புகைக்கரி கலந்த கறுப்பு இழை கதிர்களைத் தானே விழுங்கி, உட்பகுதியைக் காக்கிறது. வெயிலில் நிரந்தரமாக இருக்கவேண்டிய கயிற்றைக் கறுப்பு நிறத்தில் வாங்குவது இதனாலேயே நன்று.

நைலானின் பெருஞ்சிறப்பு அதன் நீட்சி. அதுபற்றிப் பின்னர்க் கூறுவோம். நனைந்தால் அதன் வலிமை 10 முதல் 15 சதவிகிதம் குறையும். பருத்தியின் நடத்தைக்கு இது நேர் எதிர். அமிலம் அதற்கு நஞ்சு. ஜீப் வண்டியின் பின்புறத்தில் மின்கலத்தின் அருகே நைலான் கயிற்றைப் போட்டு வைக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. கசிந்த அமிலத்தின் ஆவி பட்டாலும் போதும். கண்ணுக்குத் தெரியாமல் இழை இற்றுவிடும்.

பாலியெஸ்டர் வெயிலை நன்கு தாங்கும், நனைந்தாலும் வலிமை குன்றாது, நீட்சி குறைவு. காரம் மட்டும் அதற்கு ஆகாது. ஈரச் சிமெண்டும் சுண்ணாம்பும் புழங்கும் இடத்தில் நெடுநாள் கிடக்கலாகாது. திறந்தவெளியில் ஆண்டு முழுவதும் இருக்கவேண்டிய கயிற்றுக்கு இதனையே இக்கட்டுரை சிபாரிசு செய்யும். விலை சற்று அதிகம். மும்முறை மலிவுக் கயிறு வாங்குவதைவிட அது குறைவே.

செயற்கை இழைகள் வெப்பத்தில் உருகும். பாலிஎத்திலீன் 130 பாகையிலும், பாலிப்ரொப்பிலீன் 165 பாகையிலும், நைலானும் பாலியெஸ்டரும் 215-க்கும் 260-க்கும் இடையிலும் உருகுகின்றன. கயிற்றின்மேல் கயிறு வேகமாக ஓடி உரசினால் நொடியில் இவ்வெப்பம் தோன்றிவிடும்.

அறாமையும் இறாமையும் எங்கும் நற்குணமல்ல. ஆகஸ்டு 15-ஐ ஒட்டித் தில்லி வானம் முழுதும் பட்டங்கள் பறக்கும். பருத்தி நூலால் ஆன மாஞ்சாவின் இடத்தில் நைலான் மாஞ்சா புகுந்தபின், இருசக்கர வண்டியில் செல்வோரின் கழுத்தும் பறவைகளின் சிறகும் அறுபடலாயின. பருத்தி நூல் இழுத்தால் அறுந்துவிடும். மரத்தில் சிக்கினாலும் மழையில் இற்று விழும். நைலான் இழை இரண்டும் செய்யாது. 2017-இல் தில்லி அரசும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நைலான் மாஞ்சாவைத் தடை செய்தன.

நிலைச் சுமையும் அதிர்ச்சிச் சுமையும்

80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 2 மீட்டர் விழுந்து, இடுப்பிற் கட்டிய கயிற்றால் நிறுத்தப்படுகிறார் என்று கொள்வோம். கயிறு சற்றும் நெகிழாத வகையாக இருந்து, 20 சென்டிமீட்டருக்குள் அவரை நிறுத்துமானால், விழுந்த உயரமும் நின்ற தூரமும் சேர்ந்த 2.2 மீட்டரை 0.2 மீட்டரால் வகுக்க, 11 கிடைக்கிறது. அதாவது கயிற்றின்மேலும் அவரது உடலின்மேலும் விழும் சராசரி விசை அவர் எடையைப்போல் 11 மடங்கு: 880 கிலோகிராம். உச்ச விசை இதனினும் மிகும். அதே கயிறு 60 சென்டிமீட்டர் நீண்டு நிறுத்துமானால் விசை 350 கிலோகிராம் அளவுக்கு இறங்கிவிடும். முதற் கயிறு அறாவிட்டாலும் மனிதரின் முதுகெலும்பு முறியலாம். மலையேற்றக் கயிறுகளை நைலானால் செய்வதும், அவை தரும் உச்ச விசை ஏறக்குறைய 1,200 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று சர்வதேச விதி வகுத்திருப்பதும் இதனாலேயே.

இந்த உண்மை அறியப்படுவதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1865 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையில் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முறையாக ஏறிய எழுவர் இறங்கும்போது, ஒருவர் சறுக்கி, நால்வர் கீழே இழுக்கப்பட்டனர். அவர்களுக்கும் மேலே நின்ற மூவருக்கும் இடையிலிருந்த கயிறு அறுந்தது, நால்வரும் மாண்டனர். குழுவிடம் மூவகைக் கயிறுகள் இருந்தன. ஆல்பைன் சங்கத்தின் குழு அதற்கு முந்தைய ஆண்டில் எடை தொங்கவிட்டு விழச் செய்து சோதித்துத் தேர்ந்த மணிலாக் கயிறும் அவற்றில் ஒன்று. அறுந்ததோ மூன்றிலும் மெலிந்த பழைய கயிறு. நல்ல கயிறு கையிருப்பில் இருந்தும், கட்டும் தருணத்தில் கைக்கு எட்டியதை எடுத்ததே வினையாயிற்று. அறுந்த துண்டு இன்றும் ஸ்விட்சர்லாந்தில் செர்மாட் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீட்சியிலும் அபாயம் உண்டு. சேற்றிற் புதைந்த வண்டியை நைலான் கயிறு கட்டி இழுக்கும்போது, நீண்ட கயிற்றில் பெரும் ஆற்றல் சேர்கிறது. கயிறோ கொக்கியோ விட்டுப்போனால் அது சாட்டைபோல் பின்னோக்கி வீசும். வழியில் நிற்பவர் பிழைப்பது அரிது. இழுக்கும் கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரையும் நிற்க விடலாகாது.

முடிச்சு எவ்வளவு தின்னும்?

கயிறு அறும்போது பெரும்பாலும் முடிச்சின் அருகிலேயே அறுகிறது. வளைவின் வெளிப்புற இழைகள் இழுபட, உட்புற இழைகள் சும்மா இருப்பதால் சுமை சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சாதாரண ஒற்றை முடிச்சு கயிற்றின் வலிமையில் ஏறக்குறைய பாதியை விழுங்கும். நன்கு அமைந்த வளைய முடிச்சு மூன்றில் ஒரு பங்கை. புரிகளைப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னிய இணைப்பு பத்தில் ஒன்பது பங்கு வலிமையைக் காக்கும். புதிய வழவழப்பான செயற்கைக் கயிற்றில் பழைய முடிச்சுகள் நழுவும் என்பதையும் நினைவிற் கொள்க. நுனியை நீளமாக விட்டு இன்னொரு முடிச்சும் இடவேண்டும்.

முடிச்சையும் தேய்வையும் கருதியே, அறுபடு சுமையில் ஒரு சிறு பங்கை மட்டும் வேலைச் சுமையாகக் கொள்வது மரபு. பொருள்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு முதல். ஆளைத் தாங்குவதற்குப் பத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. கணித ஆசிரியர்கள் கோட்லாத் தூணையே ஒரு கணக்காக்கலாம். ஓர் ஆள் தொடர்ந்து 20 கிலோகிராம் இழுப்பார் என்றால் 200 ஆட்களின் இழுப்பு 4,000 கிலோகிராம். ஐந்தில் ஒரு பங்கு விதிப்படி வடத்தின் அறுபடு சுமை 20,000 கிலோகிராம் இருக்க வேண்டும். வலிமை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் மணிலா 1,060 கிலோகிராம் தாங்குமெனில், தேவையான விட்டம் என்ன? விடை 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அஃபிஃப் கூறும் ‘தடித்த வடம்’ என்பது மிகையல்ல.

பணிக்கேற்ற கயிறு

கிணற்றில் வாளி இறைக்க, ஈரத்துக்கு அஞ்சாததும் கையை அறுக்காததுமான கயிறு வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் கயிறு முதற் குணம் உடையது, இரண்டாவது இல்லை. 12 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்புள்ளதாகப் பார்த்து வாங்கினால் அக்குறை பெரிதும் நீங்கும். மணல் படிந்த கயிற்றைக் கழுவாமல் விடுவது எந்தக் கயிற்றுக்கும் கேடு. கோடையில் வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்று கொணரும் புழுதி புரிகளுக்குள் புகுந்து, ஒவ்வோர் இழுப்பிலும் அரம்போல் இழைகளை அறுக்கிறது.

பள்ளிக் கொடிமரத்துக்குப் பருத்திக் கயிறே வழக்கம். மழையில் அது பருத்து, உருளையில் சிக்கிக்கொள்வதைப் பல தலைமையாசிரியர்கள் ஆகஸ்டு 15 காலையில் அனுபவித்திருப்பர். பின்னிய பாலியெஸ்டர் கயிறு 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிப்பில் போதும். அது பருக்காது, முறுக்கிக்கொள்ளாது.

நிலம் அளக்கவும் எல்லை குறிக்கவும் நைலானை நாடலாகாது. இழுப்பவரின் வலுவுக்கேற்ப அளவு மாறும். நார்க் கயிறும் ஈரத்துக்கேற்ப மாறும். மெல்லிய பாலியெஸ்டர் நூலே அடையாளமிட ஏற்றது. அளவுக்கு எஃகு நாடாதான். கால்நடைகளைக் கட்ட மென்மையான பருத்தியோ சணப்போ நன்று. பிளாஸ்டிக் கயிறு கழுத்தைப் புண்ணாக்கும்.

கிணற்றில் ஆளை இறக்குவது இவற்றோடு சேர்த்துப் பேசத்தக்கதன்று. வாளிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, விழுந்த பொருளை எடுக்க இறங்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. நிலத்தடி நீர்மட்டம் அளக்கச் செல்லும் களப்பணியாளர் முன்னிலையிலும் இது நடப்பதுண்டு. அவர்கள் இதனை அனுமதிக்கலாகாது. ஆளைத் தாங்கும் கயிறு தர முத்திரையுடன், அவ்வேலைக்கென்றே தனியே வைக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். கையாற் பற்றுவது போதாது. உடலில் கவசப் பட்டையும், அதற்கெனத் தனியே இரண்டாவது கயிறும் தேவை. விஷவாயு உள்ள குழியில் எந்தக் கயிறும் காப்பாற்றாது. கழிவுநீர்க் குழிகளில் ஆளை இறக்கி அபாயகரமாகத் துப்புரவு செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது.

கயிற்றைச் சோதிக்க மாதம் ஒருமுறை பத்து நிமிடம் போதும். முழு நீளத்தையும் கையில் ஓடவிட்டு, அரை மீட்டருக்கு ஓரிடத்தில் புரிகளை விரலால் விரித்து உள்ளே பார்க்க வேண்டும். உட்புறம் பொடி உதிர்ந்தாலும், பூஞ்சண வாடை வந்தாலும், செயற்கைக் கயிற்றில் உருகிப் பளபளக்கும் இடம் தெரிந்தாலும், ஓரிடத்தில் விட்டம் மெலிந்திருந்தாலும் அக்கயிற்றை வெட்டித் துண்டாக்கிவிட வேண்டும். முழுதாக ஒதுக்கி வைத்தால், என்றாவது ஒருவர் அதனை எடுத்துக் கட்டுவார்.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

கடைக்காரர் கூறும் பெயரை நம்பாமல் கயிற்றின் வகையை அறிய இரு எளிய வழிகள் உண்டு. முதலாவது, நீர்ச் சோதனை. சிறு துண்டை நீருக்குள் அழுத்திப் பிசைந்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றியபின் விடுக. பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் மேலே வரும். நைலானும் பாலியெஸ்டரும் அமிழும். இரண்டாவது, சுடர்ச் சோதனை. இதனை ஆசிரியரே, திறந்த இடத்தில், இடுக்கியாற் பிடித்துச் செய்ய வேண்டும். நார்க் கயிறு காகிதம் எரியும் வாடையுடன் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டியான மணியாகும்; உருகிய துளி கையில் ஒட்டினால் ஆழ்ந்த புண் உண்டாகும்.

மூன்றாவது சோதனைக்கு ஒரு பருவம் முழுதும் தேவை. பயனும் அதற்கேற்ப மிகுதி. சணல், தென்னை நார், பருத்தி, பாலிப்ரொப்பிலீன் ஆகிய நான்கு வகையில், கிடைக்கும் அளவில் மிக மெல்லிய நூலாகத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டர்த் துண்டுகள் பன்னிரண்டு எடுக்க. நான்கு துண்டுகளை இருட்டறையில் வைக்க. நான்கைப் பள்ளி மாடியில் வெயில் படக் கட்டுக. நான்கை ஈர மண்ணில் புதைக்க. இரண்டு மாதம் கழித்து, ஒவ்வொரு துண்டிலும் தரைக்கு ஒரு சாண் மேலே வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராக நீர் ஊற்றி, அறும் அளவைக் குறித்துக்கொள்க. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். வாளியின் நிறையையும் கூட்ட மறக்கலாகாது. ஒரு வாளி போதாவிடில் அதனுடன் செங்கற்களை நிறுத்துச் சேர்க்கலாம். நான்கு துண்டுகளின் சராசரியையே கணக்கில் எடுக்க வேண்டும். ஒரே கயிற்றின் இரு துண்டுகள் ஒரே சுமையில் அறுவதில்லை என்பதை மாணவர்கள் அப்பொழுது காண்பர். மாடியில் கட்டும் நாளை ஏப்ரல் மாதத்திலும், மண்ணில் புதைக்கும் நாளை மழை தொடங்கும் தறுவாயிலும் வைத்துக்கொண்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். இருட்டறைத் துண்டுகளை இரு முறையும் உடன் சோதிக்கும் பொருட்டு இரட்டிப்பாக எடுத்துவைக்க வேண்டும்.